செங்காந்தளும் அரை மில்லிகிராமும்

ஐப்பசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தாராபுரத்திலிருந்து மூலனூர் போகும் சாலையில் வண்டியை ஓரம் கட்டி, பந்தல் போட்ட வயல் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். கம்பியிலும் காய்ந்த குச்சியிலும் ஒரு கொடி ஏறிப் படர்ந்திருக்கும். அதன் இலைநுனி சுருண்டு, கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டிருக்கும். கொடியெங்கும் தலைகீழாகத் தொங்கும் பூக்கள். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகத் தீ எரிவது மாதிரி இருக்கும். நடுவே பெண்கள் பூப்பூவாகத் தொட்டுக்கொண்டே நகர்வார்கள். பறிக்க மாட்டார்கள். தொடுவதோடு சரி.

பூவின் அமைப்பு அப்படி. சூல்தண்டு நேராகக் கீழே இறங்காமல், அடியிலேயே சட்டென்று பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு ஒதுங்கி நிற்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழக் கூடாது என்று பூ செய்துகொண்ட ஏற்பாடு. வண்ணத்துப்பூச்சி வந்து சேர்த்து வைக்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்த வயலில் வண்ணத்துப்பூச்சியை நம்பி எத்தனை நாள் காத்திருப்பது? அதனால் ஆள் வைத்து, வெயில் ஏறுவதற்குள், ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் வைக்கிறார்கள். அப்போதுதான் காய் பிடிக்கும். காய்க்குள் இருக்கும் சிவந்த விதைதான் காசு.

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் என்பது பள்ளிக்கூடத்துப் பொது அறிவுக் கேள்வி. சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்னார்கள். ஊரில் கேட்டால் பெயர் வேறு. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு. வியாபாரி வாயில் அது ‘கண்வலி விதை’. ஈழத்தில் கார்த்திகைப்பூ, அங்கே அந்தப் பெயருக்கு இன்னொரு கனமும் உண்டு, அது தனிக் கதை. மூலனூர், தாராபுரம் பக்கம் மட்டுமல்ல, ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம், அரவக்குறிச்சி, கடற்கரையோரம் வேதாரண்யம் என்று பல இடங்களில் இதைப் பயிர் செய்கிறார்கள். விதையின் பெரும்பகுதி வெளிநாடு போகிறது. அதிலிருந்து எடுக்கும் பொருளின் பெயர் கோல்ச்சிசின்.

மூலிகைகளில் அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் இருக்கின்றன என்று நாள்தோறும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது வருகிறது. மஞ்சள், இஞ்சி, நொச்சி, முடக்கத்தான் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் செங்காந்தளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அலோபதி மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டில், ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, அழற்சிக்கென்றே நிலைத்துவிட்ட தாவரப் பொருள்களில் முதல் வரிசையில் இருப்பது கோல்ச்சிசின்தான். அது பட்டியலில் வராததற்கும் மருந்துச்சீட்டில் வருவதற்கும் காரணம் ஒன்றே: அது உடம்புக்குள் போனால் நிஜமாகவே வேலை செய்கிறது.

எவ்வளவு வேலை செய்கிறது என்பதை விஷத்திலிருந்து தொடங்கிப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

இந்தக் கொடியில் கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். இலங்கையில் ஏதோ வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துச் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பலமுறை எழுதியிருக்கிறார்கள். முதலில் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. அடுத்த சில நாள்களில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியும். சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும். அதையும் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்து முடி கொட்டும். இலங்கையில் இந்த நஞ்சிலிருந்து தப்பிய ஒருவருக்கு உடம்பிலிருந்த முடியெல்லாம் கொட்டிப்போனதைப் பற்றி 1966லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குறிப்பு வந்திருக்கிறது.

குடல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால். மூன்றுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. உடம்பில் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகும் இடங்கள் இவை. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பங்குபோட வேண்டும். இழுக்கும் கயிறு, நுண்குழல்கள் என்று சொல்லப்படும் மெல்லிய இழைகள். டியூபுலின் என்ற புரதத்தைச் செங்கல் மாதிரி அடுக்கி அடுக்கி இந்த இழைகளைச் செல் கட்டுகிறது. கோல்ச்சிசின் போய் அந்தச் செங்கல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கல் இழையின் நுனியில் போய் உட்கார்ந்தால் அதற்கு மேல் அடுத்த கல் ஏறாது. கயிறு இல்லை, பங்கீடு இல்லை, செல் பாதியிலேயே நின்றுவிடும்.

வேடிக்கை என்னவென்றால், டியூபுலின் என்று ஒரு புரதம் இருப்பதே இந்த விஷத்தால்தான் தெரியவந்தது. 1960களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கோல்ச்சிசினைச் செல்லுக்குள் விட்டு, அது எதைப் பிடித்துக்கொள்கிறது என்று தேடினார்கள். விஷத்தைத் தூண்டிலாகப் போட்டுப் பிடித்த மீன் அது. தாவர ஆராய்ச்சியாளர்கள் இதே குணத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள்: 1937 வாக்கில் இருந்தே செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கக் கோல்ச்சிசினைத் தடவுகிறார்கள். கோடையில் நாம் வாங்கும் விதையில்லாத் தர்பூசணியின் பூர்வகதையில் இந்த விஷத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, செல்லைப் பாதியில் நிறுத்தும் விஷம் வலிக்கு மருந்தானது எப்படி?

யூரிக் ஆசிட் கூடி மூட்டுவலி வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ராத்திரியில்தான் தொடங்கும். கால் பெருவிரலின் அடிமூட்டு திடீரென்று சிவந்து, வீங்கி, கொதிக்கும். போர்வை உரசினாலே உயிர் போகும். ஃபேன் காற்று பட்டால்கூட வலிக்கிறது என்பார்கள். ரத்தத்தில் மிதமிஞ்சிய யூரிக் ஆசிட் அந்த மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகம் கட்டியிருக்கும். ஊசி குத்துவதால் வரும் வலி என்று தோன்றும், அப்படி இல்லை. வலியைக் கொண்டுவருவது நம்முடைய காவல்காரர்கள்தான்.

மூட்டில் இருக்கும் ஒரு காவல் செல் படிகத்தைக் கிருமி என்று நினைத்து விழுங்குகிறது. உள்ளே போன ஊசி, செல்லுக்குள் இருக்கும் ஒரு அபாயமணியை அடித்துவிடுகிறது. இன்ஃப்ளமசோம் என்று அதற்குப் பெயர். மணி அடித்ததும் இன்டர்லூகின்-1 என்ற சமிக்ஞை வெளியே போகிறது. அதைக் கேட்டு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோபில் வெள்ளணுக்கள் ரத்தக்குழாயின் சுவரைப் பிதுக்கிக்கொண்டு மூட்டுக்குள் இறங்குகின்றன. வந்தவை தாங்களும் படிகத்தை விழுங்கி, வெடித்து, உள்ளே வைத்திருந்த காரச் சரக்கையெல்லாம் மூட்டில் கொட்டுகின்றன. அது இன்னும் பல ஆயிரம் பேரைக் கூப்பிடுகிறது. தீயணைக்க வந்தவர்கள் ஆளுக்கொரு குடம் மண்ணெண்ணெயோடு வந்த கதை.

இந்த ஓட்டம் முழுக்க நுண்குழல்களை நம்பியிருக்கிறது. வெள்ளணு வடிவம் மாறி நகர்வதற்கு, சுவரில் ஒட்டி இறங்குவதற்கு, செல்லுக்குள் அபாயமணியின் உதிரிகள் ஓரிடத்தில் ஒன்றுசேர்வதற்கு, எல்லாவற்றுக்கும் அந்த இழைகளின் சாரக்கட்டு வேண்டும். மிகக் குறைந்த அளவு கோல்ச்சிசின் உள்ளே போனால் செல் பிரிவது நிற்காது; ஆனால் வெள்ளணுக்களின் கால் தடுமாறும். இதில் ஒரு அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலான செல்களின் சுவரில் வேண்டாத பொருளை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு ஒன்று உண்டு. நியூட்ரோபிலில் அது மிகக் குறைவு. எனவே மற்ற செல்களிலிருந்து வெளியேறிவிடும் கோல்ச்சிசின், நியூட்ரோபிலுக்குள் மட்டும் தேங்கி நிற்கிறது. நாம் தேடும் ஆளைப் பார்த்து மருந்து தானே போய்ச் சேர்கிறது.

ஆஸ்பிரினோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அதுவும் செடியில் தொடங்கியதுதான். வில்லோ மரப்பட்டையின் கசப்பிலிருந்து 1828ல் சாலிசினைப் பிரித்தார்கள். 1897ல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் ஆஸ்பிரினைத் தயாரித்தார். அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971ல்தான் சொன்னார். ஆஸ்பிரின், புரோஸ்டாகிளாண்டின் என்ற வலிச்சரக்கின் உற்பத்தியை நிறுத்துகிறது. கோல்ச்சிசின் சரக்கைத் தொடுவதில்லை. சரக்கு ஏற்றி வரும் வண்டியின் சக்கரத்தில் கட்டை போடுகிறது.

கோல்ச்சிசினை உலகுக்குக் காட்டிய பெருமை செங்காந்தளுக்கு இல்லை. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளரும் கோல்ச்சிகம் என்ற இன்னொரு பூச்செடி உண்டு. இலையுதிர்காலத்தில் தரையிலிருந்து நேராக ஊதாப் பூ மட்டும் எழும்பும். ஆறாம் நூற்றாண்டிலேயே திராலஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற கிரேக்க மருத்துவர் இந்த வகைக் கிழங்கை மூட்டுவலிக்குக் கொடுத்திருக்கிறார். பேதி பயத்தில் அப்புறம் பல நூறு வருஷம் அதை ஒதுக்கி வைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுசோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, என்ன மூலிகை என்று சொல்லாமலே ஒரு ‘மருந்துத் தண்ணீர்’ விற்றார். குடித்தவர்களுக்கு மூட்டுவலி விட்டது. இங்கிலாந்து வரைக்கும் பெரிய மனிதர்கள் வாங்கிக் குடித்தார்கள். உள்ளே இருந்தது கோல்ச்சிகம் என்று பிறகுதான் தெரிந்தது. ரகசிய லேகியம் விற்கும் கலை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

1820ல் பாரிசில் பெல்டியேயும் கவந்துவும் அந்தக் கிழங்கிலிருந்து வீரியப் பொருளைப் பிரித்தார்கள். மலேரியா மருந்தான கொய்னாவைப் பிரித்த அதே இருவர், அதே ஆண்டு. 1833ல் கைகர் என்ற ஜெர்மானியர் அதைத் தூய்மையாக்கி, கோல்ச்சிசின் என்று பெயர் வைத்தார். நம் செங்காந்தளிலும் அதே பொருள் இருக்கிறது என்பது 1915ல் லண்டன் வேதியியல் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில் உறுதியானது. அதிலும் கோல்ச்சிகத்தின் விதையைவிடச் செங்காந்தள் விதையில் கோல்ச்சிசின் அதிகம். மூலனூர் வயலுக்கும் ஐரோப்பாவின் மருந்து ஆலைக்கும் வழி பிறந்தது இப்படித்தான்.

நம் மரபில் இதைத் தெரியாமல் இல்லை. சித்த மருத்துவத்தில் இது நஞ்சு மூலிகை. கோமியத்தில் ஊறவைப்பது போன்ற சுத்தி முறைகளைச் செய்யாமல் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. வீங்கிய மூட்டில் அரைத்துப் பூசுவதுதான் அதிகம். உள்ளே போனால் ஆபத்து என்று தெரிந்து வெளியே நிறுத்திய அறிவு அது. ஆனால் எவ்வளவு உள்ளே போகலாம் என்பதைச் சொல்ல ஒரு தராசு வேண்டியிருந்தது. செங்காந்தள் விதையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை கோல்ச்சிசின் இருக்கும். மருந்துக்கடை மாத்திரை அரை மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஒரு கிராம் விதை என்பது பத்திலிருந்து இருபது மாத்திரை. எந்த விதையில் பத்து, எந்த விதையில் இருபது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மண், ரகம், காய் முற்றிய பக்குவம் எல்லாம் அதை மாற்றும். ‘கொஞ்சம் கிள்ளிப் போட்டேன்’ என்கிற கைப்பக்குவம் ரசத்துக்குச் சரி. இதற்கு ஆகாது.

மாத்திரையாக வந்த பிறகும் டாக்டர்களுக்கே அளவு பிடிபட ரொம்ப நாள் ஆயிற்று. மூட்டுவலி கண்டால் மணிக்கொரு மாத்திரை போடு, வலி நிற்கும் வரை அல்லது பேதி தொடங்கும் வரை போடு என்பதுதான் பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்த முறை. பெரும்பாலும் பேதிதான் முதலில் வந்தது. இது சரிதானா என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2010ல்தான் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம், இன்னொரு பிரிவினருக்கு ஒரு மணி நேரத்தில் மொத்தம் 1.8 மில்லிகிராம்; மூன்றாவது பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஒரு நாளில் வலி பாதியாகக் குறைந்தவர்கள் அதிக அளவில் 33 சதவீதம், குறைந்த அளவில் 38 சதவீதம், வெற்று மாத்திரையில் 16 சதவீதம். பேதி வந்தவர்கள் அதிக அளவில் 77 சதவீதம், குறைந்த அளவில் 23 சதவீதம். அதாவது அத்தனை வருஷமும் நோயாளிகள் கழிப்பறைக்கு ஓடியதில் பாதிக்கு மேல் வீண். மருந்து ஆயிரத்தைந்நூறு வருஷப் பழசு, அதன் அளவு பதினைந்து சொச்சம் வருஷப் புதுசு என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

இங்கே மஞ்சளைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினைச் சோதனைக் குழாயில் செல்களின் மேல் ஊற்றினால் அழற்சியின் கிட்டத்தட்ட எல்லாச் சமிக்ஞைகளையும் அது அடக்கிவிடும். கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஈரோட்டு மஞ்சள் விற்கிறவர்களுக்கு அது இனிப்பான செய்தி. ஆனால் வாய் வழியாகப் போன குர்குமின் செல்லைப் போய்ச் சேர வேண்டுமே. தண்ணீரில் கரையாது, குடலைத் தாண்டாது, தாண்டிய கொஞ்சத்தையும் குடலும் கல்லீரலும் உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்வில், முழுசாக 2 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் அது இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். குழம்பில் போடும் அரை ஸ்பூனில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைக் குழாய் முடிவிலும் ஒரு சிக்கல் உண்டு. குர்குமினுக்குத் தன் நிறமே எதிரி. பல சோதனைகள் ஒளியையும் நிறத்தையும் அளந்து முடிவு சொல்பவை. குர்குமின் தானாகவே ஒளிர்ந்து, கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டி, வேலை செய்யாத இடத்திலும் வேலை செய்ததாகக் காட்டிவிடும். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மருந்து வேதியியல் இதழில் 2017ல் வந்த ஒரு நீண்ட மதிப்பாய்வு, மனிதர்களிடம் 120க்கு மேற்பட்ட சோதனைகள் நடந்த பின்னும், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு ஒழுங்காகச் செய்த எதிலும் குர்குமின் தேறவில்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னது. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நான்கு வாரம் நடத்தி 2014ல் வெளியிட்ட ஆய்வில் மஞ்சள் சாற்று மாத்திரை, ஐபுபுரூஃபன் அளவுக்கு வலியைக் குறைத்தது. ஆனால் அதில் வெற்று மாத்திரைப் பிரிவு இல்லை. முழங்கால் வலியில் வெற்று மாத்திரையே கணிசமாக வேலை செய்யும் என்பது ஊரறிந்தது. மஞ்சளைக் குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். புண்ணில் பூசுவது வேறு, விழுங்கி மூட்டுக்கு அனுப்புவது வேறு.

மஞ்சளால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். கெடுதல் வராததற்கு ஒரு காரணம், அது உள்ளேயே போகவில்லை என்பதுதான். அதே பெங்களூர் ஆய்வில் மிளகின் பைப்பரினை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்ததும் குர்குமின் உடம்பில் ஏறுவது இருபது மடங்கு கூடியது. கல்லீரலும் குடலும் போடும் தடையைப் பைப்பரின் தளர்த்திவிடுகிறது. அந்த நாளிலிருந்து குர்குமின் மாத்திரைப் பாட்டில்களில் ‘மிளகுச் சாறு சேர்த்தது’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அப்புறம் நடந்ததை யாரும் பாட்டிலில் போடுவதில்லை. 2022ல் அமெரிக்காவின் கல்லீரல் பாதிப்புக் கண்காணிப்புக் குழு, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி எழுதியது. ஒருவர் இறந்துபோனார். பத்தில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. எல்லோருக்கும் வராது என்றுதான் அதற்குப் பொருள். ஆனாலும் தடையை உடைத்து உள்ளே அனுப்பிய பிறகு மஞ்சளும் மருந்து ஜாதியில் சேர்ந்துவிடுகிறது. ‘மஞ்சள்தானே’ என்ற சலுகையை அதற்குமேல் கொடுப்பதற்கில்லை.

கோல்ச்சிசினுக்கும் இதே மாதிரி ஒரு தடைதான் காவல். நியூட்ரோபிலில் குறைவாக இருக்கும் பம்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, குடலிலும் சிறுநீரகத்திலும் அந்தப் பம்புதான் மிச்சமான கோல்ச்சிசினை வெளியே இறைக்கிறது. கல்லீரலில் ஒரு நொதி அதைச் சிதைக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் அடைத்துவிடும் மருந்துகள் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அதில் ஒன்று. நெஞ்சுச்சளிக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் எழுதித் தருவது. ஹாங்காங்கில் 2005ல் வெளியிட்ட கணக்கு இது: இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்ட 88 பேரில் 9 பேர் இறந்தார்கள்; ஒன்றை முடித்து மற்றொன்றைச் சாப்பிட்ட 28 பேரில் ஒருவர். மூட்டுக்கு ஒரு டாக்டர், சளிக்கு இன்னொரு டாக்டர், இரண்டு சீட்டையும் ஒரே மருந்துக்கடையில் நீட்டுகிற நம் வழக்கத்தில் இதைக் கேட்க ஆளில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவை இன்னும் குறைக்க வேண்டும். யூரிக் ஆசிட் தொல்லை இருக்கிறவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் பலவீனமாக இருக்கும் என்பதுதான் இதில் வினை.

இத்தனை பயம் இருந்தும் மருத்துவ உலகம் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கத்து இனங்களில் பரம்பரையாக வரும் ஒரு காய்ச்சல் நோய்க்கு 1972லிருந்து இதுதான் கதி. இதயத்தைச் சுற்றிய உறை வீங்கினால் கொடுக்கிறார்கள். கடந்த சில வருஷங்களில் இதயக் குழாய் அடைப்புக்கும் வந்துவிட்டது. அடைப்பு என்றால் கொழுப்பு மட்டும் என்று நினைத்த காலம் போய், குழாய்ச் சுவரில் அணையாமல் கனலும் அழற்சியும் சேர்ந்துதான் என்று இப்போது தெரிகிறது. கொலஸ்ட்ரால் படிகமும் யூரிக் ஆசிட் படிகம் மாதிரியே அந்த அபாயமணியை அடிக்கக்கூடியது.

மாண்ட்ரியல் இதய நிலையத்தினர் நடத்திய ஆய்வு 2019ல் வெளியானது. மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேரில் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கோல்ச்சிசின். மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கேடு வந்தவர்கள் மருந்து சாப்பிட்ட பிரிவில் 5.5 சதவீதம், மற்றதில் 7.1 சதவீதம். அடுத்த வருஷம் 5,522 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் 6.8க்கு 9.6. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ல் இதய நோய்க்கென்றே அரை மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. எல்லோரும் கைதட்டி முடிப்பதற்குள் 2024ல் இவை இரண்டையும்விடப் பெரிய ஆய்வு, 7,062 பேர், வந்து நின்றது. கோல்ச்சிசின் பிரிவில் 9.1, வெற்று மாத்திரைப் பிரிவில் 9.3. வித்தியாசமே இல்லை. கோவிட்டுக்கும் இதே கதைதான்: பிரிட்டனில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 11,340 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள், இறந்தவர்கள் இரண்டு பக்கமும் 21 சதவீதம். இதய டாக்டர்கள் இப்போது இரண்டு கட்சியாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ இந்த வாதமே இந்த மருந்துக்குக் கிடைத்த மரியாதை என்று படுகிறது. தோற்றதையும் அச்சில் போடுகிற அளவுக்குச் சோதித்துப் பார்த்த மூலிகைப் பொருள் எத்தனை இருக்கிறது?

யூரிக் ஆசிட்டும் இல்லை, இதயமும் நன்றாக இருக்கிறது, எனக்கும் செங்காந்தளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களானால், இடுப்புப் பிடிப்புக்குக் கடைசியாக வாங்கிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வலி மாத்திரையோடு ‘தியோகோல்ச்சிகோசைடு’ என்று ஒன்று சேர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. அதுவும் இந்த விதையின் சரக்கிலிருந்து செய்யும் உறவுக்காரப் பொருள்தான். உடம்பில் அது மாறும்போது உண்டாகும் ஒரு பொருள், செல் பிரியும்போது குரோமோசோம் கணக்கைக் குளறுபடி ஆக்கக்கூடும் என்று கண்டு, ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013ல் கட்டுப்பாடு போட்டது: மாத்திரையாக ஏழு நாளுக்கு மேல் கூடாது, கர்ப்பிணிகளுக்குக் கூடாது. தாத்தா செய்த தொழில் பேரனிடமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் ‘போன தடவை கேட்டுச்சு’ என்று அதே அட்டையை மறுபடி மறுபடி கடையில் கேட்டு வாங்குகிறோம்.

காசுக் கணக்கு இன்னொரு வேடிக்கை. கோல்ச்சிசின் மாத்திரை அமெரிக்காவில் 10 சென்ட்டுக்கும் குறைவாக விற்றுக்கொண்டிருந்தது. மேலே சொன்ன பேதி ஆய்வை நடத்திய நிறுவனம் 2009ல் அதற்கு முறைப்படி அனுமதியும் சில வருஷம் தான் மட்டும் விற்கும் உரிமையும் வாங்கி, மாத்திரை விலையை ஏறக்குறைய ஐந்து டாலர் ஆக்கியது. அனுமதி இல்லாத பழைய மலிவு மாத்திரைகள் சந்தையிலிருந்து போயின. சரியான அளவைக் கண்டுபிடித்ததற்கு அவர்கள் போட்ட பில் அது.

மூலனூர் வயலில் பில் போடும் அதிகாரம் யாரிடமும் இல்லை. ஆடியில் கிழங்கு ஊன்றுவதற்கே பெருந்தொகை ஆகிவிடும். கிழங்குதான் முதலீட்டில் பாதி. பந்தல், மருந்து, காலை வேளையில் மகரந்தம் வைக்க ஆள்கூலி எல்லாம் அதற்கு மேல். விதையின் விலை கிலோவுக்குச் சில ஆயிரங்களில் போன வருஷங்களும் உண்டு, மறு வருஷமே பாதியாகச் சரிந்ததும் உண்டு. விலையை முடிவு செய்கிற ஆலை எங்கேயோ இருக்கிறது. இங்கே பேசுவது வியாபாரி மட்டும். விலை ஏறும் என்று விதையை மூட்டை கட்டி வருஷக்கணக்கில் வீட்டுக்குள் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசு ஒரு விலை வைத்துக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று விவசாயிகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தை பிறக்கும்போது காய்கள் வெளுத்துத் தோல் சுருங்கும். பறித்து நிழலில் பரப்பி, வெடித்த காயிலிருந்து விதையை உதிர்ப்பார்கள். குழந்தைகளைக் களத்துப் பக்கம் விடுவதில்லை. சாப்பாட்டு வேளைக்கு எழுந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தூக்குவாளியைத் திறக்கக் கூடாது.